கண் அசந்த மூன்று விநாடி

கிரேன்காரருக்குத் தூக்கம் போனது கடைவாய்ப் பல் பிடுங்கிய வாரத்தில். வலி இரண்டு நாளில் ஓடிவிட்டது. போன தூக்கம் போனதுதான். முதலில் பல்லின் மேல் பழியைப் போட்டார். பிறகு தலையணையின் மேல், அப்புறம் எதிர்வீட்டு விளக்கின் மேல், கடைசியில் டீயின் மேல். தலையணையை மாற்றினார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்து மாட்டினார். மத்தியானத்துக்கு மேல் டீயைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். எதுவும் பலிக்கவில்லை. பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டைப் பார்ப்பார், ஒன்றைப் பார்ப்பார், இரண்டையும் பார்ப்பார். மூன்று மணி வாக்கில் கோழித்தூக்கமாக ஒரு நாற்பது நிமிஷம் கண் செருகும். நாலரை மணி அலாரம் அடிப்பதற்கு முன்பே அதன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு மாதம் இப்படி.

மனைவி சலவைக் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்க ஆவியில் வெந்துவிட்டு வருகிறவள். தலை சாய்ந்தால் கட்டைதான். பத்தாவது படிக்கும் மகள் அதற்கு மேல். புத்தகத்தின் மேல் தூங்குவாள், பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவாள், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் தூங்குவாள். "அப்பாவுக்குச் சேர வேண்டியதையும் இவளே வாங்கித் தின்னுடறா" என்று மனைவி சொல்லும்போது அவரும் சிரிக்கத்தான் செய்வார். ஆனால் ராத்திரியில் பக்கத்தில் ஒருத்தி, அடுத்த அறையில் ஒருத்தி என்று அந்த இரண்டு பேரின் மூச்சு சீராக வந்து போவதைக் கேட்டுக்கொண்டு கிடக்கும்போது, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு பொறாமை அவருக்கு வரும். பெற்ற பிள்ளையின் தூக்கத்தைப் பார்த்து வயிறெரிகிறதே, நான் என்ன மனுஷன் என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பிலேயே இன்னும் ஒரு மணி நேரம் போகும்.

வேலையோ சும்மா உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலை இல்லை. இருபத்திரண்டு மாடிக்கு எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் பக்கத்தில், அதையும் தாண்டி நின்ற கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதுதான் அவருடைய கேபின். ஏணியில் ஏறிப் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு லீவர், காலடியிலும் கண்ணாடி. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மத்தியானச் சாப்பாடுகூடப் பல நாள் மேலேயேதான். கீழே வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'மேலிடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். கம்பி வரத் தாமதமானால், "மேலிடத்து உத்தரவு இன்னும் வரலைப்பா" என்று ஒருத்தன் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அவருக்குக் கண்ணாகக் கீழே இருந்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. சுமையைக் கட்டிக் கொக்கியில் மாட்டுவதும், எங்கே இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று வாக்கி-டாக்கியில் சொல்வதும் அவன் வேலை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்று நினைப்போம். உண்மையில் சுமை தளத்தைத் தொடும் கடைசி நேரத்தில் மேலே இருப்பவருக்கு எதுவும் சரியாகத் தெரியாது. கீழே இருப்பவன் குரல்தான். ஒன்பது வருஷமாக அந்தக் குரலை நம்பித்தான் அவர் லீவரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

வருஷா வருஷம் நடக்கிற உடல் பரிசோதனையில் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். 'தூக்கக் கோளாறு உண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. உண்டு என்று எழுதினால் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள். 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு வந்தார். மருத்துவரைப் பார்க்காமலும் இல்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படாத தூரத்தில், இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தார். "மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டார் அந்த டாக்டர் அம்மா. "தூக்கம் வரலைங்கற கவலைதான்" என்றார் இவர். மூச்சை எண்ணச் சொன்னார்கள். நாலாயிரம் வரைக்கும் எண்ணிப் பார்த்தார். வெதுவெதுப்பான பால், ஒரே நேரத்தில் படுக்கை, ராத்திரியில் போனைத் தொடாமை, எல்லாம் செய்தார். மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை ஏணியின் பாதி வழியில் கைகால் தன்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிட, கம்பியைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் அந்தரத்தில் நின்றார். வீட்டுக்கு வந்ததும் மிச்ச மாத்திரையைக் கழிவறையில் கொட்டினார். "கொஞ்ச நாள் வேலைக்குப் போகாம இருந்து பாருங்க" என்றும் அந்த அம்மா சொல்லியிருந்தார். அந்த வைத்தியம் மட்டும் அவர் கைக்கு எட்டுவதாக இல்லை.

மைத்துனனுக்கு விஷயம் தெரிந்தது ஒரு கான்கிரீட் தொட்டியால். பன்னிரண்டாம் மாடிக்கு நேராக அந்தரத்தில் தொட்டி நின்றுவிட்டது. "மாமா?" என்றான். பதில் இல்லை. "மாமா, இறக்குங்க." பதில் இல்லை. "மாமா!" என்று அவன் போட்ட சத்தத்தில் மேலே இவர் விழித்துக்கொண்டார். கை லீவரிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. கையை எடுத்தால் லீவர் தானாக நடுவுக்கு வந்து கிரேன் நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதனால் அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மத்தியானம் சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"லீவு போடுங்க மாமா."

"போட்டா? வேலை மூணு மாசம் பிந்திக் கிடக்கு. கம்பெனிக்காரன் காரணம் கேப்பான். தூக்கமில்லைன்னு சொன்னா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவான் மாப்ள."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"வீட்ல தூங்கறதில்லைன்னு தெரியும்." மூட்டையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "மேல போய்த் தூங்கறேன்னு தெரியாது."

மைத்துனன் சிரித்துவிட்டான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, நான் தூங்க விடலை உங்களை" என்றான்.

அன்றிலிருந்து வாக்கி-டாக்கியில் அவன் வாயை மூடவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பூனையோடு போடும் சண்டை, கான்கிரீட் மேஸ்திரி தலையில் வைத்திருக்கும் பொய் முடி காற்றுக்குப் பறந்த கதை, தன் மாமியார் சமையல். கதை தீர்ந்தால் கணக்குக் கேட்பான். "பதினேழு எட்டு எவ்வளவு மாமா? சீக்கிரம்." சுமை தளத்துக்கு இரண்டு ஆள் உயரத்தில் வந்ததும் பேச்சை விட்டுவிட்டுப் பத்திலிருந்து கீழே எண்ணச் சொல்வான். இவர் ஒன்பது என்றால் அவன் எட்டு என்பான். இப்படி மாற்றி மாற்றி எண்ணி, ஒன்று வரும்போது சுமை தளத்தில் உட்கார்ந்திருக்கும். ஏழு வாரம் இதை வைத்தே ஓட்டினார்கள்.

எட்டாவது வாரம் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை. வந்த இரண்டாம் நாளே ஓட்டைப் பலகைகளை மாற்ற வைத்தார். ஹெல்மெட் போடாதவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் வாக்கி-டாக்கியைக் காதில் வைத்துக் கேட்டவர் திகைத்துப்போனார். தலைக்கு மேல் இரண்டு டன் இரும்பு தொங்குகிறது. அடியில் நிற்கிறவன் மாமியார் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இனிமே ஆறே வார்த்தை. தூக்கு, இறக்கு, இடது, வலது, மெதுவா, நிறுத்து. ஏழாவது வார்த்தை கேட்டா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

சட்டப்படி அவர் சொன்னதுதான் சரி. இதற்கு எதிராகச் சொல்ல இவர்களிடம் ஒரு காரணம் இருந்தது; அதைத்தான் வெளியே சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் மைத்துனன் சொன்னான்: "சொல்லிடுங்க மாமா. இப்பவே திரும்பிப் போய்ச் சொல்லிடலாம்."

"இன்னும் நாலு மாடிதான். ஒரு மாசம். தாக்குப் பிடிச்சுடறேன்."

"முடியுமா?"

"அசந்தாலும் என்ன, கை நழுவும், கிரேன் நின்னுடும். அன்னிக்குப் பார்த்தேல்ல?"

அவன் அரைமனசாகத் தலையை ஆட்டினான்.

அதற்கு நாலாம் நாள், காலை பத்து மணி தாண்டியிருந்தது. மேகம் இல்லாத நாள். வெயில் கண்ணாடி வழியாக இறங்கி மடியில் போர்வை மாதிரி கிடந்தது. வாயில் நாலு மிளகைப் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தார்; நாக்கு எரிந்ததே தவிர கண் கேட்கவில்லை. பதினெட்டாம் மாடியில் ஒரு கம்பிக் கட்டை இறக்க வேண்டும். "இறக்கு" என்றது மைத்துனன் குரல். லீவரை முன்னால் தள்ளினார். "மெதுவா," என்றான். "மெதுவா..." என்றான் மறுபடியும்.

அடுத்து அவர் காதில் விழுந்தது ஓர் அலறல். நடுவில் எதுவும் இல்லை. இந்த முறை கை நழுவவில்லை. லீவரின் மேலேயே கனமாகச் சாய்ந்து, அதை முன்னாலேயே அழுத்திக்கொண்டிருந்தது.

கீழே நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்துகொண்டார். தளத்தைத் தொடப் போகும் நேரத்தில் கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கயிற்றை இழுத்து அதை நேராக்கப் போனவனின் இடது கால், பலகைக்கும் தூணுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. நிறுத்தியிருந்தால் காலை உருவிக்கொண்டிருப்பான். நிறுத்து என்று கத்தினான். கட்டு நிற்கவில்லை.

அவர் ஏணியில் இறங்கினார். அவசரமானாலும் ஆபத்தானாலும் ஏணி அதே ஏணிதான். கை வழுக்க வழுக்க, படி படியாகப் பத்து நிமிஷம். காலடியில், எறும்பு மாதிரி ஆட்கள் ஓரிடத்தில் கூடுவது தெரிந்தது. ஒரு வெள்ளை வண்டி வந்தது. ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். வண்டி போனது. அவர் தரையில் கால் வைத்தபோது அங்கே கேட்டைச் சாத்திக்கொண்டிருந்த காவலாளி மட்டும்தான் இருந்தார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். மைத்துனனின் பெண்டாட்டி இவரைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள். அவருக்கு அவள் தங்கச்சி முறை. கல்யாணமான நாளிலிருந்து வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணா, நீங்க மேல இருந்து பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? என்னண்ணா நடந்துச்சு?"

"வெயில்மா," என்றார். "கண்ணுல அடிச்சுது."

அவள் அதை அப்படியே நம்பினாள். "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி ஒரு தாளும் பேனாவுமாக அவரை எதிரில் உட்கார வைத்தார். கிரேனில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. எவ்வளவு எடை, எந்த வேகம் என்று எல்லாம் அதில் பதிவாகும். சுமை ஒரே சீராக இறங்கியிருக்கிறது, நடுவில் எங்கும் நிற்கவில்லை என்று அது சொன்னது. வாக்கி-டாக்கியில் பேசியது எங்கேயும் பதிவாகவில்லை. தளத்தில் இருந்த மற்ற இரண்டு பேரும், வெட்டு மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றுவிட்டார்கள்.

"நிறுத்துன்னு அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல," என்றார்.

அது பொய் இல்லை. உண்மையிலேயே அவருக்குக் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு, சிக்னல் கொடுக்கும் தொழிலாளி உரிய நேரத்தில் நிறுத்தச் சொல்லத் தவறினார், சுமைக்கு மிக அருகில் கவனக்குறைவாக நின்றார் என்று அதிகாரி எழுதினார். அடியில் இவருடைய கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருந்தது. பேனாவை எடுத்தார். ஏன் எடுத்தோம் என்று அதற்குப் பிறகு எத்தனையோ ராத்திரி தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. களைப்பு என்பது மீதிப் பாதி. எதிரில் இருப்பவர் ஒன்றைச் செய்யச் சொன்னால் செய்துவிட்டு எழுந்து போனால் போதும் என்கிற நிலையில் அவர் இருந்தார்.

மூன்றாம் நாள் மைத்துனன் பேசினான். பெண்கள் இரண்டு பேரும் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்கள். போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு தட்டையாக இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அசந்துட்டீங்களா?"

"ம்."

"மூணு தரம் கத்தினேன் மாமா."

"மாப்ள, நான் ஒரு தாள்ல..."

"தெரியும். அதிகாரி காலைல வந்து படிச்சுக் காட்டிட்டாரு." கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அப்படியே இருக்கட்டும். நான் கத்தலைன்னே வச்சுக்கலாம். நீங்க ஒண்ணும் வாயைத் திறக்காதீங்க."

"என்ன பேசற நீ?"

"யோசிச்சுத்தான் பேசறேன். ஒரு கால் போச்சு, அது வராது. உங்க லைசென்ஸும் போச்சுன்னா ரெண்டு வீட்லயும் அடுப்பு எரியாது. உங்க கையை வச்சுத்தான் இனிமே நானும். புரியுதா?"

புரிந்தது. அவ்வளவு நன்றாகப் புரிந்ததால்தான் அவர் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தார்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஏணி ஏறினார். அந்த ஒரு வாரத்தில் மொத்தமாகச் சேர்த்துப் பத்து மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். கீழே புது ஆள். நாற்பது வயதுக்காரர், நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன், நிதானமான மனுஷர். ஆறு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. பேசும் அந்த ஆறையும் மரியாதையாகப் பேசினார். "இறக்குங்கண்ணே. மெதுவாண்ணே."

இரண்டாம் நாள் மத்தியானம் இவருடைய நெற்றி கண்ணாடியில் மோதியது. அந்த அடியில்தான் விழித்தார். இந்த முறை கை நழுவியிருந்தது. பலகைக் கட்டு அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. பதறிப் போய்க் காலடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கட்டுக்கு நேர் கீழே அந்த மனுஷர் குந்தி உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துச் சாவகாசமாகக் கட்டிக்கொண்டிருந்தார். மேலே இருப்பவர் ஏதோ காரணமாக நிறுத்தியிருக்கிறார், சொல்லும்வரை காத்திருப்போம் என்கிற நம்பிக்கை. கட்டி முடித்து எழுந்து நின்று, "இறக்கலாமாண்ணே?" என்றார்.

"தள்ளி நில்லுங்க," என்றார் இவர். "இன்னும் தள்ளி. இன்னும்."

காலியாகக் கிடந்த தரையில் கட்டை இறக்கினார். சாவியைத் திருப்பி எல்லாவற்றையும் அணைத்தார். ஏணியில் இறங்கி நேராக அதிகாரியின் அறைக்குப் போனார்.

"அன்னிக்கு நான் தூங்கிட்டேன். அவன் கத்தினான். மூணு தரம் கத்தினான். நான் தூங்கிட்டிருந்தேன்."

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் முகத்தில் கோபம் இல்லை, வெளிறிப்போயிருந்தது.

"உக்காருங்க. அதிர்ச்சியில இருக்கீங்க. சொந்தக்காரர் வேற. தன் மேலயே பழியைப் போட்டுக்கத் தோணும்."

"பதினோரு மாசமா எனக்குத் தூக்கமில்லைங்க. அதுக்குத்தான் அவன் பேசிக்கிட்டே..."

சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி கையை உயர்த்திவிட்டார். பேச்சை நிறுத்தச் சொன்னது யார் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அறிக்கை போயாச்சு," என்றார் அதிகாரி, தாழ்ந்த குரலில். "ரெண்டு நாள் ஓய்வு எடுத்துட்டு வாங்க. நீங்க சொன்னது என் காதுல விழலை."

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் மகளின் பள்ளிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"மேல தூங்கறீங்கன்னு எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு மாசமா."

"அவனுக்கு?"

"அவனுக்கும் அப்பலேருந்துதான்."

"அப்ப எனக்குத்தான் தெரியாது." சட்டையை வைத்தாள். "பக்கத்துல படுத்துக் கிடக்கறவ நான். எழுப்பிச் சொல்லியிருக்கலாம்ல? தினம் பக்கத்துல முழிச்சுக்கிட்டு இருந்தீங்களே, ஒரு நாள் என்னைத் தட்டி எழுப்பியிருக்கலாம்ல?"

"நீ களைச்சுப் போய்த் தூங்குவ..."

"என் தம்பிக்குக் காலில்லைங்க," என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து மகளின் அறையில் படுத்துக்கொண்டாள்.

அவர் மேஜையில் உட்கார்ந்து தானே ஒரு கடிதம் எழுதினார். எழுதிப் பழகாத கை; நாலு தாள் கிழிந்தது. மறுநாள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு ரசீதும் வாங்கிக்கொண்டார்.

விசாரணை ஆறு வாரம் கழித்து ஒரு சின்ன அறையில் நடந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த துறை அதிகாரி அம்மா பொறுமையாகக் கேள்வி கேட்டார். இவர் எல்லாவற்றையும் சொன்னார்: பரிசோதனைத் தாளில் போட்ட கோடு, இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்த மருத்துவர், முதல் தடவை தொட்டி நின்றது, கடைசியில் காதில் விழுந்த அலறல். கட்டு சாய்ந்த உயரத்தையும் கறுப்புப் பெட்டியில் இருந்த வேகத்தையும் வைத்து அவர்களே கணக்குப் பார்த்தார்கள். மைத்துனன் கத்தத் தொடங்கியதிலிருந்து கட்டு தளத்தைத் தொட்டது வரை மூன்று விநாடி.

"உங்களுக்குத் தூக்கமில்லைங்கறது உங்க மைத்துனருக்குத் தெரியுமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

தெரியும் என்றால், தெரிந்தும் மறைத்தான் என்று அவன் தலையிலும் ஒரு பங்கு விழும். அவனுக்குக் கிடைக்க வேண்டிய ஈட்டுத் தொகையிலும் குறையும்.

"தெரியாது," என்றார். "யாருக்கும் சொல்லலை."

"அப்ப எதுக்கு அவர் வாக்கி-டாக்கியில ஓயாம பேசிக்கிட்டிருந்தாரு?"

"அவன் சுபாவம் அது. சின்ன வயசுலேருந்து வாயாடி."

பிறகு மைத்துனனைச் சக்கர நாற்காலியில் உள்ளே கூட்டிப் போனார்கள். இவர்கள் இரண்டு பேரும் பேசி ஏழு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் என்ன சொன்னான் என்பதைத் தீர்ப்பு எழுதி வந்த பிறகுதான் இவர் படித்தார். தெரியாது என்றுதான் அவனும் சொல்லியிருந்தான்.

லைசென்ஸ் போனது, நிரந்தரமாக. மைத்துனன் மேல் தவறு இல்லை என்று முதல் அறிக்கையைத் தள்ளிவிட்டார்கள். கம்பெனி அவனுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். பாதுகாப்பு அதிகாரியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கிரேன்காரருக்கு வேறொரு ஒப்பந்தக்காரரிடம், ஸ்டோர் ரூமில் துளையிடும் மிஷினும் கயிறும் கொடுத்து வாங்குகிற வேலை கிடைத்தது. பாதிச் சம்பளம். காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை, கால் தரையில்.

உண்மையைச் சொன்னால் தூக்கம் வந்துவிடும் என்று அடிமனசில் ஒரு மூலையில் அவர் நினைத்திருந்தார். வரவில்லை. இப்போது பெரிய ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் பார்க்கிறார், மறைக்க ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் சரியாகும், ஆகாமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தீர்ப்பு வந்த மறுவாரம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான், இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றிக்கொண்டு. அக்கா நாற்காலி போட்டாள். அவன் உட்காரவில்லை.

"எதுக்குப் போய்ச் சொன்னீங்க?"

"மறுபடியும் அசந்துட்டேன் மாப்ள. அந்தப் புது ஆள் அடியில உக்காந்திருந்தாரு. நாலு பிள்ளைங்க."

"எனக்கும்தான் ரெண்டு இருக்கு. நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன், வாயைத் திறக்காதீங்கன்னு." குரல் உடைந்தது. "போன காலாவது எதுக்காவது ஆகட்டும்னு நினைச்சேன் மாமா. நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஆகட்டும்னு. அதையும் ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்க."

"வேலையை விட்டுட்டு சும்மா இருந்திருக்கலாம், சொல்லாமலே," என்றார் இவர். "ஆனா நீ கத்தலைன்னு எழுதியிருந்துச்சே. நீ கத்தினே. அது அப்படியே கிடக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

உள்ளேயிருந்து அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தான். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவு வரைக்கும் போனவன், முகத்தைத் திருப்பாமல் சொன்னான்.

"வெள்ளிக்கிழமை கால் பொருத்திப் பார்க்க வரச் சொல்லியிருக்காங்க. என் வீட்டுக்காரிக்கு லீவு கிடைக்காது. கூட ஒரு ஆள் வேணுமாம்."

"வரேன்."

"எட்டு மணிக்கு."

"சரி."

"மன்னிச்சுட்டேன்னு அர்த்தமில்லை."

"தெரியும்," என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் கிளம்பியபோது தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. எப்படியும் விழித்துக் கிடப்பதுதான், அங்கே போய்க் கிடக்கலாம் என்று நடந்தே போனார். ஐந்தரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் விளக்கு இல்லை. திரைச்சீலை போட்ட ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டாமல் எதிர்ப் பக்கம் போய், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.